'சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு என்ன விலை?

மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 நல்ல நாளாக அமைந்தது. 350 சி.சி. வரையுள்ள வண்டிகள் மீதான சரக்கு, சேவை வரி அன்று முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிகளுக்கு வரி 40 சதவிகிதமாயிற்று. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. ஆகவே வரிக் குறைப்பின் பலன் இந்த இரு ஜில்லாக்களுக்கும் கிடைத்தது.

ஆனால் வண்டியை ஒரு முறைதான் வாங்குகிறோம். எண்ணெயை ஆயுள் முழுவதும் ஊற்றுகிறோம். எஞ்சின் எண்ணெய் மீதான வரி முன்பும் 18 சதவிகிதம், இன்றும் 18 சதவிகிதம். அது மட்டுமல்ல. கடைக்காரர் முன்னால் மூன்று வித டப்பாக்களை எடுத்து வைக்கிறார். ஒன்று சாதாரண 'மினரல்'. இரண்டாவது 'செமி சிந்தெடிக்'. மூன்றாவது 'புல்லி சிந்தெடிக்'. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள விலை வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டுவது உண்டு. எதை வாங்குவது? அதிக விலை கொடுத்தால் அதிக நன்மை உண்டா? தூர தேசப் பிரயாணம் செய்யும் இளைஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. பால் கொண்டு போகிறவர், சிமெண்டு ஆலைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்பவர், சின்ன வெங்காய வியாபாரி, துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிபவர் ஆகிய எல்லோருக்கும் உரிய கேள்வி. தவணையில் வாங்கிய வண்டியின் எஞ்சின் 'சீஸ்' ஆகி நின்றுவிட்டால், தவணை நிற்பதில்லை, பிழைப்புதான் நிற்கிறது.

ஆமணக்கிலிருந்து ஆரம்பம்

மசகு எண்ணெயின் கதை தமிழ் நாட்டு விவசாயிக்குப் புதிதல்ல. கட்டை வண்டியின் அச்சுக்கு மசகு போடாமல் யாரும் பாரம் ஏற்றியதில்லை. அந்நாளில் அதற்குக் கை கொடுத்த ஆமணக்கு எண்ணெயே பிற்காலத்தில் ஆகாய விமானத்துக்கும் கை கொடுத்தது. முதலாவது உலக யுத்தத்தில் பறந்த பல விமானங்களின் எஞ்சின்களில் ஊற்றப்பட்டது விளக்கெண்ணெய்தான். 1909-இல் பிரிட்டனில் ஒரு கம்பெனி ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்துப் புதிய மசகு ஒன்றைத் தயாரித்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே அதற்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வந்தது.

பிறகு பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைக்கவே, அதைச் சுத்திகரித்துக் கிடைக்கும் 'மினரல்' எண்ணெய் உலகெங்கும் பரவியது. சென்னைக்கு அருகே மணலியில் 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் ரிபைனரீஸ், இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில், மசகு எண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெயையும் தயாரித்து வருகிறது. இந்தியன் ஆயிலின் 'சர்வோ' 1972-இல் சந்தைக்கு வந்தது.

சிந்தெடிக் எண்ணெய் பிறந்தது வேறு வழியில். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஜெர்மானிய ரசாயன நிபுணர்கள் சிறு மூலக்கூறுகளைக் கோத்து, தங்களுக்கு வேண்டிய குணமுள்ள எண்ணெயைக் கட்டியெழுப்ப முயன்றார்கள். யுத்தத்திற்குப் பிறகு ஜெட் விமானங்களின் கடும் உஷ்ணத்தைச் சாதாரண எண்ணெய் தாங்காது என்பதால் இம்முயற்சி வேகம் பெற்றது. பிரான்சின் 'மோட்டுல்' கம்பெனி 1971-இல் பந்தய வண்டிகளுக்கு முழு சிந்தெடிக் எண்ணெயை வெளியிட்டது. 'சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு அந்நாளில் பொருள் தெளிவாக இருந்தது: கச்சா எண்ணெயிலிருந்து வடித்தது அல்ல, ரசாயனச் சாலையில் கட்டியது.

சொல் மாறிய கதை

அந்தத் தெளிவு 1999-இல் கலைந்தது. அமெரிக்காவில் காஸ்ட்ரால் கம்பெனி தன் 'சிந்தெடிக்' எண்ணெயில், ரசாயனத்தால் கட்டிய எண்ணெய்க்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்தது. கச்சா எண்ணெயிலிருந்து பெற்ற பொருளை ஹைட்ரஜன் வாயுவுடன் சேர்த்து, பெரும் அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் உடைத்துச் செப்பனிட்ட எண்ணெய் அது. போட்டியாளரான மொபில் கம்பெனி ஆட்சேபம் எழுப்பியது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க வர்த்தக அமைப்பு, இந்த எண்ணெயையும் சிந்தெடிக் என்று அழைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் அந்தச் சொல், தயாரிக்கும் முறையைக் குறிக்கும் சொல்லாக இல்லாமல், விற்பனைச் சொல்லாக மாறிவிட்டது எனலாம்.

அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. முதல் பிரிவு பழைய முறையில் சுத்திகரித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஹைட்ரஜனால் செப்பனிட்டவை. மூன்றாவது மிக உயர்ந்த ரகம். நான்காவது ரசாயனத்தால் கட்டியது. ஐந்தாவதில் எஸ்டர் முதலிய மற்றவை அடங்கும். இன்று கடையில் 'புல்லி சிந்தெடிக்' என்று விற்கும் பல எண்ணெய்கள் மூன்றாவது பிரிவைச் சேர்ந்தவை. ஜெர்மனியில் முழு சிந்தெடிக் என்ற சொல்லுக்கு இன்றும் நான்கும் ஐந்தும் என்றே பொருள்.

மூன்றாவது பிரிவு மட்டமானது என்று இதற்குப் பொருள் அல்ல. அது நல்ல எண்ணெய். ஆனால் மலிவாகச் செய்யக் கூடியது. அதற்கும் நான்காவது, ஐந்தாவது பிரிவுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, ஏறக்குறைய ஒரே விலையைக் கேட்கும்போது, வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. 'செமி சிந்தெடிக்' விஷயத்தில் மயக்கம் இன்னும் அதிகம். பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்கும் வாடிக்கைக்காரர், எண்ணெயில் எத்தனை பங்கு சிந்தெடிக் என்று கேட்டால் பதில் சொல்ல டப்பாவில் ஒன்றும் இல்லை.

படிக்க வேண்டிய மூன்று வரிகள்

அப்படியானால் எதை நம்பி வாங்குவது? டப்பாவின் முன்பக்கத்தில் பளபளக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று குறிகள் இருக்கும்.

முதலாவது, எண்ணெயின் தடிப்பு. '15 டபிள்யூ-50' என்பது ஓர் உதாரணம். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 15 டபிள்யூ எண்ணெய், பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் எஞ்சினைக் கிளப்ப இடம் கொடுக்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. 20 டபிள்யூ எண்ணெய், பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரியில். பெரம்பலூரில் மார்கழி அதிகாலையிலும் பூஜ்யத்தை நெருங்கும் குளிர் கிடையாது. ஆகவே 5 டபிள்யூ, 0 டபிள்யூ என்று எண் குறையக் குறைய அதிக விலை கொடுப்பது, வண்டியின் கையேடு அப்படிக் கேட்டாலன்றி, பனிக்கட்டி விழாத ஊரில் கம்பளிக் கோட்டு தைத்துக் கொள்வது போன்றதே. லடாக் யாத்திரைக்குப் புறப்படுகிறவர் விஷயம் வேறு. இரண்டாவது எண்ணான 50, எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. சித்திரை வெயிலுக்கு முக்கியமான எண் இதுதான். ஆயினும் தடிப்பு அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று எண்ணி 30 கேட்கும் எஞ்சினுக்கு 50 ஊற்றுவது தவறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

இரண்டாவது, அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் தரக்குறி. 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கி, அடுத்த எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். எஸ்.எல். 2001-இல் வந்தது, எஸ்.என். 2010-இல், எஸ்.பி. 2020-இல், எஸ்.க்யூ. 2025-இல். கையேட்டில் எஸ்.எல். என்றிருந்தால் எஸ்.எல். அல்லது அதற்குப் பிந்தியது போதும்.

மூன்றாவதுதான் மோட்டார் சைக்கிளுக்கு உயிர் நிலை. காரில் எஞ்சின் எண்ணெய் எஞ்சினுக்கு மட்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அதே எண்ணெய்தான் கியர் பெட்டிக்கும் கிளட்சுக்கும். கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. எண்ணெய் மிகவும் வழுவழுப்பாக இருந்தால் பிளேட்டுகள் ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் வரும், வேகம் வராது. எனவே ஜப்பானிய மோட்டார் வாகன நிபுணர்கள் 1998-இல் தனித் தரம் வகுத்தார்கள். அதுவே 'ஜாஸோ' குறி. எம்.ஏ., எம்.ஏ.2 ஆகியவை கியர் வண்டிகளுக்கு, எம்.பி. கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. விலையுயர்ந்த கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றிக் கிளட்சைக் கெடுத்துக் கொள்வதைவிட, எம்.ஏ.2 குறியுள்ள சாதாரண எண்ணெயை ஊற்றுவது எவ்வளவோ மேல். சுண்ணாம்புக் கல் லாரிகள் மிகுந்த அரியலூர்ப் பக்கத்தில் லாரிக்கென்று பீப்பாயில் வரும் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். ஜாஸோ குறி இல்லாத அந்த எண்ணெய் லாரிக்கு நல்லது. மோட்டார் சைக்கிளுக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பிரயாணக்காரர்கள் விரும்பும் 350 சி.சி. 'கிளாசிக்' வண்டிக்கு, சென்னையில் அதைத் தயாரிக்கும் ராயல் என்பீல்டு கம்பெனி கையேட்டில் கேட்டிருப்பது 15 டபிள்யூ-50, எஸ்.எல்., எம்.ஏ.2, செமி சிந்தெடிக். வண்டியைச் செய்தவரே நடுத்தர டப்பா போதும் என்கிறார்.

பேனாவும் காகிதமும்

'விலை அதிகமானாலும் அதிக நாள் ஓடும். கணக்குப் பார்த்தால் சிக்கனம்' என்பது கடைக்காரரின் வாதம். கணக்கையே பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு ஒரு வண்டி இரண்டு லிட்டர் எண்ணெய் பிடிக்கிறது, ஆண்டுக்கு 15,000 கிலோ மீட்டர் ஓடுகிறது, கையேட்டின்படி 5,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு ஆறு லிட்டர். மினரல் லிட்டர் 400 ரூபாய், செமி 550, முழு சிந்தெடிக் 900 என்று கொண்டால், ஆண்டுச் செலவு முறையே 2,400, 3,300, 5,400 ரூபாய். கடைசித் தொகையில் சுமார் 824 ரூபாய் வரி.

முழு சிந்தெடிக்கை 7,500 கிலோ மீட்டர் வரை ஓட்டினால்? நான்கு லிட்டர், 3,600 ரூபாய். அப்போதும் செமியை விட 300 ரூபாய் அதிகம். அதோடு, கையேடு சொன்ன தவணையை மீறினால் உத்தரவாத காலத்தில் கம்பெனி கை விரித்துவிடக் கூடும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லப்படுகிறதே? லிட்டருக்கு 35 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டிக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், 15,000 கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 43,000 ரூபாய் ஆகும். ஒரு சதவிகிதம் மிச்சமானால் 430 ரூபாய். செமிக்கும் முழு சிந்தெடிக்குக்கும் உள்ள 2,100 ரூபாய் வித்தியாசத்தை ஈடுகட்ட ஐந்து சதவிகிதம் மிச்சமாக வேண்டும். எண்ணெயை மாற்றுவதால் மட்டும் அது நடவாது. டயரில் காற்றைச் சரியாக வைத்து, நிதானமான வேகத்தில் போனால் அதைவிட அதிகம் மிச்சமாகும். அதற்குக் காசு இல்லை.

ஆக, முழு சிந்தெடிக் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை. அது விற்பது வேறொரு பொருளை: கடும் உஷ்ணத்தில் கைவிடாத தெம்பை. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது நிபுணர்களின் பழைய விதி. காற்றால் குளிரும் எஞ்சின், பின்னால் ஓர் ஆள், இரு பக்கமும் மூட்டை, மே மாதப் பகலில் பெரம்பலூரிலிருந்து சென்னை வரை நாற்கரச் சாலையில் ஒரே மூச்சில் ஓட்டம், அல்லது 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை ஏற்றம்: இத்தகைய பிரயாணத்துக்கு அந்தத் தெம்பு வேண்டியதுதான். அப்படிப்பட்ட நீண்ட யாத்திரைக்கு முன் ஒரு முறை நல்ல சிந்தெடிக் ஊற்றிக்கொள்வது விவேகம். தினம் ஆலைக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவர் ஆண்டு முழுவதும் அதை ஊற்றுவது விவேகம் ஆகாது.

தூசி என்ற சத்துரு

இந்த இரு ஜில்லாக்களின் மண்ணையும் மறந்துவிட முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரம், 1940-இல் புவியியல் நிபுணர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணனால் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையான அந்த மரத்துக்கு அது சாட்சி. கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே அரியலூர், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர் சிமெண்டு ஆலைகளின் மூலதனம். அந்தக் கல்லை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குப் பின்னால் போகும் மோட்டார் சைக்கிள் தூசியைச் சுவாசிக்கிறது.

சுண்ணாம்புத் தூள் மெதுவானது. ஆனால் சாலைத் தூசியில் கலந்த மணற்பொடி எஞ்சினின் இரும்பையும் அராவக் கூடியது. அது புகும் வழி காற்று பில்டர். பில்டர் கிழிந்திருந்தால் உள்ளே எவ்வளவு உயர்ந்த எண்ணெய் இருந்தாலும் பயன் இல்லை. எண்ணெயே அரம் ஆகிவிடும். எனவே தூசிச் சாலையில் ஓடும் வண்டிக்கு, விலையுயர்ந்த எண்ணெயை நீண்ட நாள் விட்டு வைப்பதைவிட, நடுத்தர எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றி, காற்று பில்டரையும் எண்ணெய் பில்டரையும் உரிய காலத்தில் புதுப்பிப்பதே சிறந்த பாதுகாப்பு. ஒவ்வொரு வாரமும் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்ப்பதும் அவசியம். கெட்ட எண்ணெயால் மட்டுமல்ல, குறைந்துபோன எண்ணெயாலும் எஞ்சின்கள் சாகின்றன.

காலி டப்பாவின் மறுபிறவி

சொல் மயக்கத்தை விடக் கொடியது போலிச் சரக்கு. வடித்து எடுத்த கறுப்பு எண்ணெயை வடிகட்டி, நிறம் ஏற்றி, பிரபல கம்பெனியின் காலி டப்பாவில் அடைத்து விற்பது நாட்டின் பல பாகங்களில் பிடிபட்ட மோசடி. இதற்கு வேண்டிய இரண்டு மூலப் பொருள்களையும் கொடுப்பவர் யார்? வண்டிக்காரரேதான். பழைய எண்ணெயையும் காலி டப்பாவையும் பட்டறையில் விட்டு வருகிறார். அவை எங்கே போகின்றன என்று கேட்பதில்லை. கண்ணெதிரே சீலை உடைத்து ஊற்றச் சொல்வதும், காலி டப்பாவை அங்கேயே கத்தியால் கீறி விடுவதும் ஐந்து நிமிட வேலை. உற்பத்தி மாதம், தயாரிப்பாளர் விலாசம், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ரசீது வாங்கினால் பின்னர் ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கலாம். 1915 என்ற எண்ணில் புகாரும் சொல்லலாம்.

பழைய எண்ணெயைக் கரையானுக்கு மருந்தென்று மண்ணில் ஊற்றும் வழக்கமும் ஆபத்தானது. அதில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் உள்ளன. சட்டம் அதை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தியுள்ளது. கிணற்றை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் பூமியில் அது இறங்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல், உபயோகித்த எண்ணெய் மறுசுழற்சிக்குப் போவதை உறுதி செய்யும் பொறுப்பு எண்ணெய்த் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தப்பட்டிருக்கிறது. அப்பொறுப்பு கிராமத்துப் பட்டறை வரை வந்து சேர்ந்தால்தான் போலிச் சரக்குக்கும் மூலப் பொருள் கிடைக்காமல் போகும்.

வேண்டுவது என்ன?

நுகர்வோரின் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. டப்பாவில் எழுதாததை யாரும் படிக்க முடியாது. பிஸ்கோத்துப் பாக்கெட்டில் மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் உரிமை உள்ள நாட்டில், அதைப் போலப் பன்மடங்கு விலையுள்ள எண்ணெய் டப்பாவில் அடிப்படை எண்ணெய் எந்தப் பிரிவு, 'செமி' என்றால் எத்தனை சதவிகிதம் என்று அச்சிடச் செய்வது சர்க்காருக்குப் பெரிய காரியம் அல்ல. அச்சு மையைத் தவிரக் கம்பெனிகளுக்கு அதனால் செலவும் இல்லை. உண்மையாகவே உயர்ந்த எண்ணெயைத் தயாரிப்பவர்களுக்கு அது லாபமே.

அதுவரை பெரம்பலூர், அரியலூர் வாசிகளுக்கு வழி இதுதான். கையேட்டில் உள்ள தடிப்பு எண், 'எஸ்' வரிசைத் தரம், எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 குறி ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மூன்றும் பொருந்தும் எண்ணெய்களில், நம்பகமான கடையில் ரசீதோடு கிடைக்கும் மலிவானதை வாங்கலாம். கம்பெனி பெயர் எதுவாயினும் சரி. மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு காற்று பில்டர் வாங்க வேண்டும். எஞ்சினுக்குத் தெரிந்தது தடிப்பும் சுத்தமும்தான். டப்பாவின் மேல் அச்சிட்ட சொல்லை அது படிப்பதில்லை.